பழைய பாடி, புது சேஸிஸ்: வாசகர் கேள்வி பதில்

மாடல் ரயில் பகுதிக்கு வந்த கேள்விகளில், பழைய இன்ஜினின் பாடியை, அதாவது மேல்கூட்டை, மோட்டாரும் சக்கரங்களும் உள்ள புது சேஸிஸில் ஏற்றுவது பற்றியவற்றை இந்த இதழில் தனியாக எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: பல வருடங்களுக்கு முந்தைய டீசல் இன்ஜின்கள் நாலைந்து வைத்திருக்கிறேன். போகிக்குள்ளேயே (இன்ஜினுக்கு அடியில் சக்கரங்களோடு திரும்பும் சட்டம்) மோட்டார் உட்கார்ந்திருக்கும் வகை. ஒரு போகி மட்டும்தான் இழுக்கிறது. நடுவில் மோட்டாரும் இரண்டு போகிக்கும் இழுவையும் உள்ள புது சேஸிஸ் வாங்கி மாட்ட ஆசை. எதை அளந்துபார்த்து வாங்க வேண்டும்?

பதில்: பெரும்பாலோர் முதலில் அளப்பது பாடியின் மொத்த நீளத்தை. அது கடைசியில் பார்க்க வேண்டிய அளவு. சேஸிஸின் முனை நீண்டிருந்தால் வெட்டலாம், குட்டையாக இருந்தால் ஒட்டுப் போடலாம். போகிகளை மட்டும் நகர்த்த முடியாது. மோட்டாரிலிருந்து போகிக்குப் போகும் ஷாஃப்ட், சேஸிஸ் வார்ப்பு எல்லாம் அந்த இடத்துக்கென்றே செய்யப்பட்டவை. ஆகவே முதல் அளவு, முன் போகியின் சுழல் மையத்திலிருந்து பின் போகியின் சுழல் மையம் வரை. அடுத்தது ஒரே போகிக்குள் அச்சுக்கு அச்சு தூரம். பிறகு சக்கர விட்டம். அதன் பிறகு பாடிக்குள் சுவருக்குச் சுவர் அகலமும், கூரையின் உட்புறத்திலிருந்து கீழ் விளிம்பு வரை உயரமும்.

வெர்னியர் காலிப்பர் ஒன்று போதும். சுழல் மையம் சேஸிஸுக்குள் மறைந்திருப்பதால் நேரடியாக அளப்பது சிரமம். முன் போகியின் முதல் அச்சிலிருந்து பின் போகியின் முதல் அச்சு வரை அளங்கள். இரண்டு போகியும் ஒரே அமைப்பில் வார்த்தவையாக, சுழல் மையம் நடுவில் உள்ளவையாக இருந்தால் இரண்டு தூரமும் ஒன்றுதான்.

நிஜ இன்ஜினின் அளவு அடிக்கணக்கில் தெரிந்தால் மனக்கணக்கே போதும். எச்ஓ (HO, 1:87) அளவுக்கு 3.5ஆல் பெருக்குங்கள், ஓஓ (OO, 1:76) அளவுக்கு 4ஆல் பெருக்குங்கள், வருவது மி.மீ. இஎம்டி நிறுவனத்தின் ஜிபி9 இன்ஜினில் போகி மையத் தூரம் 31 அடி, எச்ஓவில் 108.5 மி.மீ. ஜிபி38-2 இன்ஜினில் 34 அடி; 119 மி.மீ. இரண்டுமே நான்கு அச்சு, இரண்டுக்கும் 9 அடி அச்சு இடைவெளி, அதாவது மாடலில் 31.5 மி.மீ. படத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி. ஆனால் ஜிபி9 பாடியை ஜிபி38-2 சேஸிஸில் வைத்தால் பத்தரை மி.மீ. இடிக்கும், படிக்கட்டின் மேல் போகி ஏறி நிற்கும். ஆறு அச்சிலும் இதே கதை. எஸ்டி40க்கு 40 அடி, எஸ்டி40-2க்கு 43 அடி 6 அங்குலம். பெயரில் ஒரு ‘-2’ கூடியதற்கு எச்ஓவில் 12 மி.மீ. கூடிவிடுகிறது.

எவ்வளவு வித்தியாசம் பொறுக்கலாம்? மையத் தூரத்தில் மொத்தம் 2 மி.மீ. வரை, முனைக்கு ஒரு மி.மீ. என்று பங்கிட்டால் யாருக்கும் தெரியாது. மூன்றைத் தாண்டினால் டீசல் டாங்குக்கும் போகிக்கும் நடுவே உள்ள இடைவெளி காட்டிக்கொடுத்துவிடும். அச்சு இடைவெளியில் ஒரு மி.மீ. வரை பரவாயில்லை, போகியின் பக்கச் சட்டத்தில் அச்சுப் பெட்டிகள் சக்கர மையத்தை விட்டு விலகி நிற்பதுதான் அங்கே உறுத்தும். சக்கர விட்டத்தில் அரை மி.மீ. கண்ணில் படாது, ஆனால் உயரத்தைக் கால் மி.மீ. மாற்றும். பழைய மாடல்களில் சக்கர விளிம்பு ஆழமாக இருக்கும். அது மேலே இடிக்காமல் இருக்கச் சக்கரத்தையே சற்றுச் சின்னதாகச் செய்த மாடல்களும் உண்டு. அப்படிப்பட்ட பாடியைச் சரியான விட்டமுள்ள சக்கரத்தின் மேல் ஏற்றும்போது, சக்கரக் குழியின் மேல் விளிம்பை அரத்தால் அரை மி.மீ. தேய்க்க வேண்டிவரும்.

கேள்வி: என் பாடி எச்ஓ என்று சொல்லி வாங்கியது. தண்டவாளம் 16.5 மி.மீ. ஆனால் பக்கத்தில் நிற்கும் பிரிட்டிஷ் வண்டிகளைவிடப் பொடியாகத் தெரிகிறது. எந்த அளவு சேஸிஸ் வாங்குவது?

பதில்: தண்டவாள அகலம் இரண்டுக்கும் பொது, அங்கேதான் குழப்பம். எச்ஓ 1:87, பிரிட்டிஷ் ஓஓ 1:76. லிமா நிறுவனம் 1970களில் பிரிட்டிஷ் இன்ஜின்களை முதலில் எச்ஓவில் செய்தது, பிறகு ஓஓவுக்கு மாறியது. அதனால் ஒரே இன்ஜின் இரண்டு அளவிலும் சந்தையில் சுற்றுகிறது. பாடியின் அகலத்தை அளங்கள். 9 அடி அகல இன்ஜின் ஓஓவில் 36 மி.மீ., எச்ஓவில் 31.5 மி.மீ. எச்ஓ என்று தெரிந்துவிட்டால் ஓஓ சேஸிஸ் பக்கமே போகாதீர்கள். மையத் தூரம் பொருந்தவே பொருந்தாது. ‘என்’ (N) அளவிலும் இதே பொறி உண்டு: தண்டவாளம் எல்லோருக்கும் 9 மி.மீ., ஆனால் அமெரிக்க, ஐரோப்பிய மாடல்கள் 1:160, பிரிட்டிஷ் மாடல்கள் 1:148, ஜப்பானிய மாடல்கள் பெரும்பாலும் 1:150.

கேள்வி: சேஸிஸ் அளவெல்லாம் சரியாக இருக்கிறது. பாடியை அதன் மேல் எப்படி நிறுத்துவது? பழைய கொக்கிகள் எதுவும் புது சேஸிஸில் மாட்டவில்லை. பசை போட்டு ஒட்டிவிடலாமா?

பதில்: ஒட்டாதீர்கள். எண்ணெய் விடவும் சக்கரம் துடைக்கவும் பாடி கழன்று வரவேண்டும்.

எதை வெட்டுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எங்கும் கிடைக்கிற பாடி என்றால் பாடியை வெட்டுங்கள். இனி கிடைக்காத பாடி, பெயிண்டும் எழுத்தும் மாறாமல் இருக்கிறது என்றால் சேஸிஸை வெட்டுங்கள். சேஸிஸ் நாளை இன்னொன்று வாங்கலாம். வார்ப்பு சேஸிஸை அறுக்கும் முன் மோட்டார், போகி, சர்க்யூட் போர்டு எல்லாவற்றையும் கழற்றி, வெறும் உலோகமாக ஆக்கிவிட்டு அறுங்கள். டேப் சுற்றிவிட்டால் போதும் என்று நினைத்து மோட்டாரோடு அறுத்தவர்களின் கியர்களில் உலோகத் தூள் அரைபட்டுக்கொண்டே இருக்கும்.

பாடிக்குள் இருக்கும் பழைய கொக்கி, குமிழ், எடைக்கட்டி தாங்கும் விலா எல்லாவற்றையும் வெட்டுகுறடால் எடுத்து, உளிமுனைக் கத்தியால் சுவரோடு சமமாகச் சீவுங்கள். குறடால் சுவரை ஒட்டி ஒரேயடியாகக் கடிக்கக் கூடாது; வெளிப்பக்கத்தில் வெள்ளைத் தழும்பு விழும். 2 மி.மீ. விட்டுக் கடித்து, மீதியைச் சீவுங்கள்.

இப்போது உயரம். கண் முதலில் பிடிப்பது இதைத்தான். நீளத்தில் 2 மி.மீ. தவறினால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். உயரத்தில் ஒரு மி.மீ. தூக்கினால் கணுக்கால் தெரியக் கால்சட்டை போட்ட பையன் மாதிரி இன்ஜின் நிற்கும். ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் நேர் தண்டவாளத் துண்டை வையுங்கள், அதன் மேல் சேஸிஸ். சேஸிஸின் தட்டையான இடங்களில் முன்னும் பின்னும் அட்டைத் துண்டுகளை அடுக்கி, பாடியை அதன் மேல் உட்காரவையுங்கள். அட்டையைக் கூட்டியும் குறைத்தும் சரியான உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். அளவுகோல் எது? அமெரிக்க எச்ஓவில் வண்டிகளை இணைக்கும் கப்ளரின் மையம் தண்டவாளத்தின் மேற்பரப்பிலிருந்து 9.9 மி.மீ.; கேடீ நிறுவனத்தின் உயரமானி இருந்தால் அளக்கவே வேண்டாம், பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரியும். பிரிட்டிஷ் ஓஓவில் பஃபரின் (முனையில் உள்ள மோதல் தாங்கி) மையம் சுமார் 14 மி.மீ.

உயரம் கிடைத்ததும் அட்டை அடுக்கைக் காலிப்பரால் அளந்து, அதே கனத்துக்கு ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் ஷீட்டில் திண்டு செய்யுங்கள். 0.25, 0.5, 1.0, 1.5 மி.மீ. கனங்களில் ஷீட் கையில் இருந்தால் எந்த உயரமும் கூட்டிவிடலாம். நான்கு மூலையிலும் நான்கு திண்டு வைக்கத் தோன்றும், வேண்டாம். பழைய பாடி சிறிதாவது முறுக்கியிருக்கும். நான்கு கால் வைத்தால் ஒன்று ஆடும். ஒரு முனையில் இடமும் வலமும் இரண்டு, மறுமுனையில் நடுவில் ஒன்று. முக்காலி ஆடாது.

பிடிப்புக்கு எம்2 திருகு இரண்டு போதும். 6 மி.மீ. சதுர ஸ்டைரீன் கட்டை இரண்டை பாடியின் முனைச் சுவர்களில் கரைப்பான் பசையால் ஒட்டி, ஒரு முழு நாள் காயவிடுங்கள். அவசரப்பட்டு ஒரு மணி நேரத்தில் துளை போட்டால் கட்டை இளகிச் சாயும். கட்டையில் 1.6 மி.மீ. துளையிட்டு எம்2 மரை வெட்டுங்கள். சேஸிஸில் 2.2 மி.மீ. துளை, ஒரு முனையில் அதை 2.2க்கு 4 மி.மீ. என நீள்துளையாக்கிவிட்டால் முன்பின் நகர்த்திச் சரிசெய்ய வசதி. திருகை விரல் நுனி பலத்தோடு நிறுத்துங்கள். இறுக்க இறுக்கக் கூரை வளையும், போகி சிக்கிக்கொள்ளும், காரணம் தெரியாமல் சக்கரத்தையும் தண்டவாளத்தையும் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

சேஸிஸின் பிளாஸ்டிக் பாகத்தில் எதையாவது ஒட்ட நினைத்தால், அது என்ன பிளாஸ்டிக் என்று பாருங்கள். கியர் பெட்டிகள் பெரும்பாலும் அசிட்டால் அல்லது நைலான். ஸ்டைரீன் பசை அவற்றில் பிடிக்காது. அங்கே திருகு மட்டுமே வழி. இன்னொன்று: ஜன்னல் பிளாஸ்டிக் உள்ள பாடிக்குள் சூப்பர் க்ளூ போட்டு மூடிவைத்தால், அதன் ஆவி ஜன்னலில் வெள்ளைப் படலமாகப் படியும். ஜன்னலைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள்.

கேள்வி: மோட்டாரின் ஃப்ளைவீல் (தண்டில் சுழலும் கனச் சக்கரம்) பாடியின் உட்சுவரில் உரசுகிறது. எவ்வளவு சுரண்டலாம்?

பதில்: பழைய பாடிகளின் சுவர் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு மி.மீ. கனம் இருக்கும். 0.8 மி.மீ.க்குக் கீழே போகாதீர்கள். அதற்குக் கீழே கை பட்டாலே உள்வாங்கும். எங்கே உரசுகிறது என்பதை ஊகிக்க வேண்டாம்: உட்சுவரில் கறுப்பு மார்க்கர் பூசி, பாடியை மாட்டி மெதுவாகச் சில சுற்று ஓட்டுங்கள். மை அழிந்த இடம்தான் இடம். அங்கே மட்டும் உருண்டை முனை பர் (சுழன்று சுரண்டும் வெட்டுமுனை) கொண்டு, குறைந்த வேகத்தில் சுரண்டுங்கள். வேகமாகச் சுழற்றினால் ஸ்டைரீன் உருகிப் பர்ரிலேயே ஒட்டிக்கொள்ளும்; கையால் சீவுவது நேரமெடுத்தாலும் பத்திரம். சுரண்டும்போது பாடிக்கு உள்ளே விளக்கைப் பிடித்து வெளியிலிருந்து பாருங்கள். வெளிச்சம் தெரிய ஆரம்பித்தால் அதோடு நிறுத்த வேண்டியதுதான்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. ஆத்தர்ன் நிறுவனத்தின் பழைய ஜிபி வகைப் பாடிகளில், அந்தக் காலத்து அகல மோட்டாருக்கு இடம் விட்டு ஹுட்டை (மோட்டாரை மூடும் நீண்ட பெட்டிப் பகுதி) நிஜ அளவைவிட அகலமாக வார்த்திருப்பார்கள். ஒல்லியான புது சேஸிஸில் அந்தப் பாடி லொடலொடவென்று ஆடும். இரு பக்கமும் ஸ்டைரீன் பட்டை ஒட்டி, பக்கத்துக்கு 0.3 மி.மீ. மட்டும் இடைவெளி விடுங்கள். ஆனால் அகல ஹுட் அகல ஹுட்டாகவே இருக்கும். சரியான அளவுள்ள புது இன்ஜினோடு ஜோடி போட்டு ஓட்டினால் வித்தியாசம் தெரியும். அந்தப் பாடிக்கு இவ்வளவு உழைப்பு தேவையா என்பதை வேலை தொடங்கும் முன் யோசிக்க வேண்டும்.

கேள்வி: பழைய வார்ப்பு சேஸிஸ் பாடிக்குள் இறுகிக் கிடக்கிறது. இழுத்தால் பாடி விரிசல் விடும்போல இருக்கிறது. துரு பிடித்துவிட்டதா?

பதில்: துரு இல்லை, துத்தநாக நோய். துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற மாசு கலந்திருந்தால், உலோகத்தின் உள்மணிகளுக்கு இடையே அரிப்பு பரவி வார்ப்பு உப்பும், வளையும், கடைசியில் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். ஈரக்காற்று அதை வேகப்படுத்தும். 1929ல் நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம் 99.99% தூய துத்தநாகத்தைக் கொண்டு ஜமாக் கலவையை உருவாக்கியதே இந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான். பிறகும் கலவையில் கவனம் தவறிய வார்ப்புகளில் இது வந்துகொண்டே இருக்கிறது. மருந்து கிடையாது. பாடியை இழுக்காதீர்கள். சேஸிஸைத் துண்டுதுண்டாக உடைத்து எடுங்கள்: கீழிருந்து சிறு துளைகளை வரிசையாகப் போட்டு, குறடால் நொறுக்கினால் வந்துவிடும். உப்பிய சேஸிஸ் பாடியின் சுவரை வெளியே தள்ளியிருந்தால், அறுபது டிகிரி வெந்நீரில் சில நிமிடம் வைத்து, இரண்டு நேர் மரச்சட்டங்களுக்கு நடுவே ரப்பர் பேண்டால் கட்டி ஆறவிடுங்கள். கொதிநீர் வேண்டாம்; ஸ்டைரீன் நூறு டிகிரியை நெருங்கும்போதே தளர்ந்துவிடும். ட்ரை-ஆங் நிறுவனத்தின் மிகப் பழைய பாடிகளில் சில செல்லுலோஸ் அசிடேட்டால் ஆனவை. அவை தானாகவே சுருங்கி வளைந்தவை, வெந்நீரால் நேராகாது.

கேள்வி: 0-6-0 (ஆறு ஓட்டும் சக்கரங்கள் மட்டும் உள்ள) டாங்க் ஸ்டீம் இன்ஜின் பாடி ஒன்று, ஓஓ அளவு. புது சேஸிஸ் வைத்துப் பார்த்தால் சக்கரங்கள் பாடியின் ஸ்ப்ளாஷரோடு (சக்கரத்தின் மேல் மூடி) ஒத்துவரவில்லை. இரண்டுமே ஒரே வகை இன்ஜின்தானே?

பதில்: பெயர் ஒன்று, அளவு வேறு. ஒரே 0-6-0 சேஸிஸைச் செய்துவைத்துப் பல பாடிகளை அதன் மேல் மாட்டி விற்பது அந்தக் காலத்து வழக்கம். பாடிதான் சேஸிஸுக்கு ஏற்ப நீட்டிச் சுருக்கப்பட்டது. புது சேஸிஸ் நிஜ அளவுக்குச் செய்யப்பட்டது. ஆகவே தப்பு சேஸிஸில் இல்லை, பாடியில்.

எடுத்துக்காட்டாக பிரிட்டனின் எல்எம்எஸ் ரயில்வேயின் ஜின்டி டாங்க் இன்ஜினில் அச்சு இடைவெளி 8 அடி, 8 அடி 6 அங்குலம். ஓஓவில் 32, 34. மொத்தம் 66 மி.மீ. ஜிடபிள்யூஆர் ரயில்வேயின் 57 வரிசைப் பானியர் டாங்க் 7 அடி 3 அங்குலம், 8 அடி 3 அங்குலம். அதாவது 29, 33, மொத்தம் 62. நாலு மி.மீ. வித்தியாசத்தை ஸ்டீம் இன்ஜினில் மறைக்கவே முடியாது. சக்கரம் வெளியே தெரிகிறது, இணைப்புத் தண்டும் தெரிகிறது. இரண்டு வழி உண்டு. நடு அச்சை ஸ்ப்ளாஷரின் நடுவில் நிறுத்தி, பிழையை முன்னும் பின்னும் பங்கிடலாம், 2 மி.மீ. வரைக்கும் இது எடுபடும். அதற்கு மேல் என்றால் ஸ்ப்ளாஷரையும் மணல்பெட்டியையும் மெல்லிய ரம்பத்தால் அறுத்தெடுத்து நகர்த்தி ஒட்ட வேண்டும். நடைப்பலகையில் விழும் பள்ளத்தை 0.5 மி.மீ. ஷீட்டும் புட்டியும் நிரப்பும்.

பழைய பாடிகளில் பாய்லருக்குக் கீழே, சக்கரங்களுக்கு நடுவே மோட்டாரை மறைக்கும் ஒரு பிளாஸ்டிக் பாவாடை இருக்கும். புது சேஸிஸில் மோட்டார் பாய்லரின் பின்னால் உள்ள நெருப்புப் பெட்டிக்குள் (ஃபயர்பாக்ஸ்) அடங்கிவிடுமானால் அதைத் துணிந்து வெட்டிவிடுங்கள். பாய்லருக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தாலே பழைய பாடிக்குப் பாதி வயது குறையும். வெட்டிய பிறகு பாய்லரின் அடிப்பாகம் திறந்திருக்கும். பொருத்தமான விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் பிளந்து மூடுங்கள்.

கேள்வி: பாடி இல்லாமல் சேஸிஸ் அருமையாக ஓடுகிறது. பாடியை மாட்டியதும் வளைவில் தடம் புரள்கிறது. சில இடங்களில் ஷார்ட் ஆகிறது.

பதில்: பாடி எதையோ தொடுகிறது. வளைவில் போகி எவ்வளவு திரும்ப வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மையத் தூரம் 148 மி.மீ., வளைவின் ஆரம் 438 மி.மீ. என்றால் ஒவ்வொரு போகியும் சுமார் 9.7 டிகிரி திரும்பும். அச்சு இடைவெளி 58 மி.மீ. உள்ள போகியானால் அதன் முனைச் சக்கரம் பக்கவாட்டில் 5 மி.மீ. நகர்கிறது. 371 மி.மீ. ஆரத்தில் பதினொன்றரை டிகிரி, கிட்டத்தட்ட 6 மி.மீ. அந்த இடம் பாடிக்குள் காலியாக இருக்கிறதா? படிக்கட்டின் உட்புறம், பஃபர் பலகையின் பின்புறம், நீங்கள் ஒட்டிய கட்டை ஆகிய மூன்றும்தான் வழக்கமான குற்றவாளிகள்.

திரும்புவது மட்டும் போதாது, போகி சாயவும் வேண்டும். தண்டவாளத்தில் ஒரு சக்கரத்தின் கீழ் ஒரு மி.மீ. கன அட்டையைச் செருகுங்கள். மற்ற சக்கரங்கள் தண்டவாளத்தை விடாமல் நின்றால் சரி. பாடியே தூக்கிக்கொண்டு வந்தால் கியர் கோபுரத்தின் மேல்முனை எங்கோ கூரையில் அல்லது திண்டில் முட்டுகிறது. மார்க்கர் பூசும் வித்தையை இங்கும் செய்யலாம்.

கப்ளர் எங்கே பிடித்திருக்கிறது என்பதும் முக்கியம். போகியில் இருந்த கப்ளரை பாடிக்கு மாற்றினால் தோற்றம் அழகு. ஆனால் கூர் வளைவில் பாடியின் முனை வெளியே வீசும்போது பக்கத்து வண்டியை இழுத்துத் தள்ளிவிடும். உங்கள் வளைவுகள் 438 மி.மீ.க்கு மேல் இல்லை என்றால் போகியிலேயே விட்டுவிடுவது நல்லது.

ஷார்ட்டுக்கு வருவோம். சில சேஸிஸ்கள் நீளவாக்கில் இரண்டு உலோகப் பாதிகள். ஒவ்வொரு பாதியும் ஒரு தண்டவாளத்தின் மின்சாரத்தைச் சுமக்கிறது. பாடியைப் பிடிக்க நீங்கள் போட்ட திருகு இரண்டு பாதியையும் தொட்டால் அங்கேயே ஷார்ட். நைலான் திருகு போடுங்கள். உலோகக் கைப்பிடிக் கம்பிகளின் முனை பாடிக்குள் நீட்டிக்கொண்டு சேஸிஸைத் தொடுவது இன்னொன்று. முனையை வெட்டி, ஒரு சொட்டு எபாக்ஸி வைத்து மூடுங்கள்.

கேள்வி: உலோக வார்ப்பு பாடியையும் இப்படி மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். ஹார்ன்பி டப்லோ பாடிகளைப் போன்றவை கனமானவை, இழுவைக்கு நல்லவை. ஆனால் உட்புறம் முழுவதும் வெப்பம் தாங்கும் இன்சுலேஷன் டேப் ஒட்டாமல் சேஸிஸை உள்ளே விடாதீர்கள். சுரண்டும் வேலை இங்கே அரம் வேலையாகிவிடும். துத்தநாக நோயின் அறிகுறியான மயிரிழை விரிசல் எங்காவது தெரிந்தால் அந்தப் பாடியில் உழைப்பைப் போடாதீர்கள்.

கேள்வி: டிசிசி (டிஜிட்டல் கட்டளையால் ரயிலை ஓட்டும் முறை) டிகோடரும் சேர்த்து வைக்க வேண்டும். பழைய பாடியில் குண்டு பல்பு முகப்பு விளக்கு இருக்கிறது. அதை அப்படியே இணைக்கலாமா?

பதில்: பல்பை எடுத்துவிடுங்கள். 12 வோல்ட் குண்டு பல்பு டிசிசியில் எப்போதும் முழு மின்னழுத்தத்தில் எரியும். அதன் சூட்டில் விளக்குக்கு மேலே பாடி இளகிக் குழி விழும். எல்இடி வைத்து, அதற்குத் தொடராக 1 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டால் பத்து மில்லிஆம்பியர் அளவில் ஓடும். அது போதும், கண்ணைக் கூசாது.

என்இஎம் 652 தரத்தின் எட்டு பின் சாக்கெட் உள்ள சேஸிஸ் என்றால் கம்பி நிறங்கள் ஒரே முறைதான். சிவப்பு வலது தண்டவாளம், கறுப்பு இடது தண்டவாளம், ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை முன் விளக்கு, மஞ்சள் பின் விளக்கு, நீலம் விளக்குகளின் பொது நேர்முனை. எல்இடியின் நீண்ட கால் நீலத்துக்கு. சாக்கெட் இல்லாத சேஸிஸ் என்றால் இணைக்கும் முன் மல்டிமீட்டரால் ஒன்றைச் சோதியுங்கள்: மோட்டாரின் இரண்டு பிரஷ்ஷும் சேஸிஸ் உலோகத்தோடும் சக்கரங்களோடும் எந்தத் தொடர்பும் இல்லாமல் இருக்க வேண்டும். பழைய வடிவமைப்புகளில் ஒரு பிரஷ் சேஸிஸைத் தொட்டே மின்சாரம் எடுக்கும். அப்படியே டிகோடரை இணைத்தால் மின்சாரம் விட்ட நொடியில் அது போய்விடும்.

டிகோடர் வைக்கும் இடத்தையும் பாடியில் திண்டு ஒட்டும் முன்பே தீர்மானியுங்கள். கூரைக்கும் மோட்டாருக்கும் நடுவில் திணிக்கப்பட்ட டிகோடர் சூட்டை வெளியே விட வழியின்றி அடிக்கடி அணைந்துபோகும்.

கேள்வி: புது சேஸிஸ் எடை குறைவு. பாடிக்குள் ஈயக் குண்டு நிரப்பலாமா? எவ்வளவு?

பதில்: நிரப்பலாம், ஆனால் வெள்ளைப் பசையால் ஒட்டாதீர்கள். ஈயமும் அந்தப் பசையும் சேர்ந்து காலப்போக்கில் வெள்ளை உப்பாகி வீங்கும். பாய்லரைப் பிளந்த கதைகள் ஏராளம். எபாக்ஸிதான் சரி. இழுவை, ஓட்டும் சக்கரங்களின் மேல் விழும் எடையில் தோராயமாக ஐந்தில் ஒன்றிலிருந்து நான்கில் ஒன்று வரை கிடைக்கும். எவ்வளவு சேர்ப்பது என்பதை மோட்டாரே சொல்லும். இன்ஜினைக் கையால் தடுத்துப் பிடித்து 12 வோல்ட் கொடுங்கள். சக்கரங்கள் வழுக்கிச் சுழன்றால் இன்னும் எடை தாங்கும். சுழலாமல் மோட்டார் உறுமி நின்றால் எடை அதிகம், உடனே கையை எடுங்கள். அந்த நிலையில் மோட்டார் எடுக்கும் மின்சாரம் டிகோடரையும் கொல்லும். எடையை இரண்டு போகிக்கும் நடுவில், முடிந்தவரை தாழ வையுங்கள். முன்பக்கம் மட்டும் கனத்தால் பின்போகி வெறுமனே சுழலும்.

கேள்வி: இரண்டாம் கையாக வாங்கிய சேஸிஸ், சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் ‘டிக்’ என்கிறது. பாடியை மாட்டலாமா?

பதில்: மாட்டாதீர்கள். அச்சில் இறுக்கிச் செருகிய பிளாஸ்டிக் கியர் நீளவாக்கில் பிளந்திருக்கிறது. பிளவில் ஒரு பல் இடைவெளி அகன்று, அடுத்த கியர் அதில் ஏறி இறங்கும்போது வரும் சத்தம்தான் அது. போகியின் கீழ்த்தட்டைக் கழற்றி, சக்கரத்தைக் கையால் திருப்பிக்கொண்டே உருப்பெருக்கியில் பாருங்கள். மயிரிழைக் கோடு தெரியும். பசை பிடிக்காது, பிடித்தாலும் பல் இடைவெளி பழையபடி வராது. அச்சுக் கியரை மாற்றுங்கள், ஒன்று பிளந்திருந்தால் மற்ற அச்சுகளையும் சேர்த்தே. புதுக் கியரை அச்சில் செருகும் முன் துளையையும் அச்சின் விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். துளை நூறில் சில பங்கு மி.மீ. மட்டுமே சிறியதாக இருக்க வேண்டும். சுத்தியல் வேண்டாம், வைஸில் வைத்து நேராக மெல்ல அழுத்துங்கள்.